பூட் ஆகிறது, மவுண்ட் ஆகிறது. ஃப்ளாஷ் டிரைவரில் இதற்கு மேல் என்ன பார்ப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். உங்கள் குழுவில் ஒருவர் புதிய எஸ்ஓசி (சிபியுவும் கண்ட்ரோலர்களும் ஒரே சிப்பில் அடங்கியது) ஒன்றுக்கு நாண்ட் ஃப்ளாஷ் கண்ட்ரோலர் டிரைவர் எழுதியிருக்கிறார். லினக்ஸ் கெர்னல், ஏறத்தாழ 1,800 வரி. கெர்னலின் நடைச் சோதனைக் கருவியான செக்பேட்ச் ஒரு குறையும் சொல்லவில்லை. போர்டு பூட் ஆகிறது, யூபிஐஎஃப்எஸ் என்ற ஃப்ளாஷ் கோப்பு முறைமை மவுண்ட் ஆகிறது, எழுதிய கோப்பைத் திரும்பப் படிக்க முடிகிறது. ரிவ்யூ பண்ணும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் இதுவரை நெட்வொர்க் டிரைவர்கள்தான் பார்த்திருக்கிறீர்கள். “இதற்கு மேல் நான் என்ன பார்க்க வேண்டும்?” என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை நீங்கள் கேட்பது செக்லிஸ்ட் அல்ல. எல்லாமே சரியாக ஓடுகிற ஒரு டிரைவரில் தப்பை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் உங்கள் குழப்பம்.

ஓடுகிற பாதையை எழுதியவரே நூறு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். அதை நூற்றியோராவது தடவை நீங்கள் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. படித்தது கெட்டிருந்தால், எழுதியது பதியவில்லை என்றால், சிப் பதிலே சொல்லவில்லை என்றால், அப்போது இந்த டிரைவர் மேலடுக்குக்கு என்ன சொல்கிறது? ரிவ்யூவின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃப்ளாஷில் எட்டு மாதத்துக்கு முன்பு எழுதியவரைத் தேடிப் பிடித்து இன்னொரு முறை அனுப்பச் சொல்ல முடியாது.

நான் பதினோரு வருடமாக எம்பெடட் போர்டுகளோடு மாரடிப்பவன். நாண்ட் டிரைவர் மூன்று எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றைத் தப்பாக எழுதினேன், அந்தக் கதை கீழே வரும். இங்கே சொல்வதெல்லாம் ரா நாண்ட் பற்றியது, அதாவது ஃப்ளாஷைக் கையாளும் கெர்னல் பகுதியான எம்டிடி அடுக்கு நேரடியாக மேய்க்கிற சிப்கள். இஎம்எம்சி, எஸ்டி கார்டு, யூஎஃப்எஸ் ஆகியவற்றுக்கு உள்ளேயே ஒரு கண்ட்ரோலர் உட்கார்ந்து இந்தத் தலைவலியையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதால் அவற்றின் டிரைவர் ரிவ்யூ வேறு மாதிரி. எஸ்பிஐ நாண்டுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தும்.

நாண்ட் என்பது ஆலையிலிருந்து வரும்போதே பழுதோடு வருகிற சரக்கு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண 1 கிகாபிட் எஸ்எல்சி (ஒரு செல்லுக்கு ஒரு பிட்) சிப்பில் 1,024 பிளாக்குகள், அதாவது ஒரே மூச்சில் அழிக்கப்படும் பகுதிகள், இருக்கும். டேட்டாஷீட்டைத் திறந்தால் 1,004 பிளாக்குக்குத்தான் உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள். மீதி இருபது கெட்டிருக்கலாம், அதற்காகச் சிப்பைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு பிளாக்கில் 64 பேஜ், ஒரு பேஜில் 2,048 பைட் தரவு, கூடவே ஓஓபி என்று 64 பைட் ஓரப்பகுதி. நல்ல பிளாக்குகளிலும் நாள்பட நாள்பட பிட்டுகள் புரளும், அதாவது 0, 1 மாறிப்போகும். பக்கத்துப் பேஜைத் திரும்பத் திரும்பப் படிப்பதாலேயே புரளும். இசிசி என்ற பிழைதிருத்தக் குறியீடு அதைத் திருத்தும். எத்தனை பிட் புரண்டது என்ற கணக்கை டிரைவர் மேலே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் யூபிஐ (UBI, யூபிஐஎஃப்எஸ்ஸுக்குக் கீழே பிளாக்குகளை நிர்வகிக்கும் அடுக்கு) முடிவெடுக்கிறது. தரவைக் கொண்டுவந்து கொடுப்பது டிரைவரின் பாதி வேலை. அந்தத் தரவு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்வது மறுபாதி. இந்த மறுபாதியைத்தான் யாரும் டெஸ்ட் பண்ணுவதில்லை.

எனவே கோப்பைத் திறந்ததும் டிரைவர் தொடங்கும் இடமான ப்ரோப் ஃபங்ஷனுக்குப் போகாதீர்கள். பேஜ் படிக்கிற ஃபங்ஷனைத் தேடி, அதன் கடைசி வரியில் என்ன ரிட்டர்ன் ஆகிறது என்று பாருங்கள். கெர்னல் எதிர்பார்ப்பது இதுதான்: 2,048 பைட் பேஜ் 512 பைட்டாக நாலு இசிசி துண்டுகளாகப் பிரிந்திருந்தால், அந்த நாலில் எதில் அதிகம் புரண்டதோ அந்த ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். நாலையும் கூட்டி வருவதை அல்ல. கூட்டுத்தொகை எம்டிடியின் புள்ளிவிவரக் கணக்கில் தனியாகச் சேர வேண்டும். துண்டுக்கு 4 பிட் திருத்தும் வலிமை உள்ள இசிசி என்று வையுங்கள். நாலு துண்டிலும் ஒவ்வொரு பிட் புரண்டிருந்தால் அதிகபட்சம் 1, கூட்டுத்தொகை 4. முதலாவது ‘கவலையில்லை’ என்கிறது, இரண்டாவது ‘விளிம்பில் நிற்கிறோம்’ என்கிறது. டிரைவர் தரும் எண்ணை எம்டிடி ஒரு வரம்போடு ஒப்பிடும். யாரும் மாற்றாவிட்டால் அந்த வரம்பு இசிசி வலிமையில் முக்கால் பங்கு, 4 பிட்டுக்கு 3, 8 பிட்டுக்கு 6. வரம்பைத் தொட்டால் ‘ஈயூக்ளீன்’ என்ற பிழை எண் 117 மேலே போகும். அதைக் கேட்டதும் யூபிஐ அந்த பிளாக்கில் உள்ளதை வேறு பிளாக்குக்கு இடம் மாற்றும். கூட்டுத்தொகையைத் திருப்பித் தரும் டிரைவர் நல்ல பிளாக்குகளையெல்லாம் இடம் மாற்ற வைத்து ஃப்ளாஷைத் தேய்க்கும். அது பரவாயில்லை, தரவு பிழைக்கும். பூஜ்யத்தைத் திருப்பித் தரும் டிரைவர்தான் ஆளைக் கொல்லும்.

அதை எழுதியவன் நான்தான். மின்மீட்டர்களிலிருந்து கணக்கெடுத்து அனுப்பும் ஒரு பெட்டி. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். என் ஃபங்ஷன் ஒவ்வொரு துண்டிலும் புரண்ட பிட்டுகளை எண்ணியது, புள்ளிவிவரத்தில் சரியாகக் கூட்டியது, கடைசியில் பழக்கதோஷத்தில் ‘ரிட்டர்ன் 0’ என்று முடிந்தது. வெற்றி என்றால் பூஜ்யம் என்பது சி எழுதுகிறவன் கைக்கு ஊறிப்போன விஷயம் இல்லையா? ரிவ்யூ செய்த இருவருமே அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரு வருடம் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு பெட்டிகள் ஒன்றிரண்டாகத் திரும்ப வர ஆரம்பித்தன. விசித்திரம் என்னவென்றால், நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்த லாக் கோப்புகளில் ஒரு பிழையும் இல்லை. ஆலையில் ஒருமுறை எழுதிய பிறகு யாரும் தொடாத லைப்ரரி கோப்பு செத்திருந்தது. லாக் கோப்புகள் அடிக்கடி புது இடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் பிழைத்தன. லைப்ரரி படிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது, பிட்டுகள் ஒவ்வொன்றாகப் புரண்டன, 1, 2, 3 என்று ஏறியபோதெல்லாம் என் டிரைவர் மேலே ‘பூஜ்யம்’ என்றே சொல்லியது. ஐந்தாவது பிட் புரண்ட அன்று இசிசி கைவிரித்தது. எரிச்சலான செய்தி, கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ‘கரெக்டட் பிட்ஸ்’ என்ற கோப்பில் எண் மாதக்கணக்காக ஏறிக்கொண்டே இருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. திருத்தம் ஒரே வரி.

திருத்தவே முடியாத நிலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்போது டிரைவரின் பேஜ் ஃபங்ஷன் நேராக ‘ஈபேட்எம்எஸ்ஜி’ பிழையை, எண் 74, திருப்பித் தரக் கூடாது. தோல்விக் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு வழக்கம்போல் முடிய வேண்டும். கணக்கு ஏறியதைப் பார்த்து எம்டிடியே அந்தப் பிழையை எழுப்பும். அதற்கு முன், சிப் ஆதரித்தால், வேறு மின்னழுத்த அளவுகளில் படித்துப் பார்க்கும் ரீட் ரீட்ரை வழியையும் முயன்று பார்க்கும். டிரைவர் அவசரப்பட்டு எதிர்மறை எண்ணைக் கொடுத்தால் அந்த மறுமுயற்சி நடக்காமலே போகும். இது ரசனை சார்ந்த விஷயம் இல்லை. டிரைவரில் பார்த்தால் தயங்காமல் தப்பு என்று எழுதலாம்.

அடுத்து, அழித்த பேஜ். நாண்டில் அழித்தால் எல்லா பிட்டும் 1, பைட்டுக்குப் பைட் 255. ஆனால் பிசிஎச் என்ற இசிசி வகையின் கணக்கில் 255ஆக நிரம்பிய தரவுக்குரிய இசிசி பைட்டுகள் 255ஆக வருவதில்லை. கண்ட்ரோலரில் தனி ஏற்பாடு இல்லாவிட்டால், அழித்த பேஜைப் படிக்கும்போது இசிசி எஞ்சின் ‘திருத்த முடியாத பிழை’ என்று கத்தும். எழுதியவர் இதைக் கண்டிப்பாகச் சந்தித்திருப்பார், ஏனென்றால் யூபிஐ முதல் தடவை ஏறும்போதே இது வெடிக்கும். அவர் எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கள். ‘எல்லா பைட்டும் 255 என்றால் அழித்த பேஜ், பிழையில்லை’ என்று எழுதியிருந்தால் அரைகுறை. அழித்த பேஜிலும் ஒரு பிட் புரளும். அன்றைக்கு 255 இருக்க வேண்டிய இடத்தில் 254 வரும், டிரைவர் நல்ல காலிப் பேஜைக் கெட்டது என்று அறிவிக்கும். கெர்னலிலேயே ‘நாண்ட் செக் இரேஸ்டு இசிசி சங்க்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. துண்டில் எத்தனை பூஜ்யங்கள் என்று எண்ணி, வரம்புக்குள் இருந்தால் எல்லாவற்றையும் 255 ஆக்கிக் கொடுத்து, புரண்ட எண்ணிக்கையைச் சொல்லும். அதை அழைத்திருக்கிறார் என்பதைப் பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். மூன்று தப்புகள் அங்கே அடிக்கடி நடக்கும். முழுப் பேஜையும் ஒரே அழைப்பில் கொடுப்பது. துண்டு துண்டாகத்தான் கொடுக்க வேண்டும். இசிசி பைட்டுகளைக் கொடுக்காமல் தரவை மட்டும் கொடுப்பது. அப்போது யாரோ வேண்டுமென்றே எழுதிய, ஏறக்குறைய 255ஆகவே இருக்கும் உண்மையான தரவு, ‘காலி’ என்று தீர்ப்பாகி அழிந்துபோகும். மூன்றாவது, எஞ்சின் திருத்தப் போய் குட்டிச்சுவராக்கிய பஃபரையே கொடுப்பது; இசிசி தொடாமல் ராவாக ஒருமுறை படித்த பைட்டுகள்தான் வேண்டும்.

பேஜின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பாட்ச் விளக்கத்தில் இல்லை என்றால் எழுதியவரிடம் ஒரு படம் போடச் சொல்லுங்கள். நிறைய கண்ட்ரோலர்கள் 2,048 பைட் தரவு, பிறகு இசிசி என்று ஒழுங்காக வைப்பதில்லை. 512 தரவு, 13 இசிசி, மறுபடி 512, மறுபடி 13 என்று பின்னிப் பின்னி வைக்கும். 8 பிட் பிசிஎச்சுக்கு 13 பைட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நாலாவது துண்டின் தரவு 1,575இல் தொடங்கி 2,086 வரை போகிறது. ஆனால் ஆலைக்காரர் ‘இந்த பிளாக் கெட்டது’ என்று அடையாளம் வைத்திருப்பது ஓஓபியின் முதல் பைட்டில், அதாவது 2,048இல். உங்கள் தரவின் நட்டநடுவில்! நல்ல பிளாக்கில் நீங்கள் எழுதிய சாதாரணத் தரவு அந்த இடத்தில் விழுந்து, அடுத்த பூட்டில் அது கெட்ட பிளாக்காகத் தெரியும். என்எக்ஸ்பியின் (முன்பு ஃப்ரீஸ்கேல்) ஐ.எம்எக்ஸ் சிப்களில் வரும் ஜிபிஎம்ஐ கண்ட்ரோலர் டிரைவர் இதற்காகவே அந்த பைட்டை வேறிடத்தோடு மாற்றி வைக்கிறது. உங்கள் டிரைவர் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்றால் கெட்ட பிளாக் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ‘ஃப்ளாஷிலேயே பட்டியல் வைக்கிறோம்’ என்பது சரியான பதிலாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலை முதன்முதலில் கட்டுவதற்கு முன் யாரும் சிப்பை முழுசாக அழித்திருக்கக் கூடாது. அழித்தால் ஆலையின் அடையாளமும் போய்விடும்.

இதே வரைபடத்தை பூட்லோடரோடும் ஒப்பிட வேண்டும். யூ-பூட் எழுதியதைக் கெர்னல் படிக்கும், சில நேரம் கெர்னல் எழுதியதை எஸ்ஓசியின் பூட் ரோம் படிக்கும். ஒரு பைட் தள்ளியிருந்தாலும் ஒருவருக்கு நல்லதாகத் தெரிவது மற்றவருக்குக் குப்பை. டிரைவர் ஒரு தடவை வெளியே போய்விட்டால் இந்த அமைப்பை மாற்றவே முடியாது என்பதால், பெயரிடல், அழகு, பின்னொட்டு என்று மற்றதில் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் இதில் விடாதீர்கள்.

ரா முறையில் படிப்பதும் எழுதுவதும் டிரைவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘யாரும் பயன்படுத்துவதில்லை’ என்று சிலர் விட்டுவிடுவார்கள். சோதனைக் கருவிகள் முழுக்க அதை நம்பித்தான் இருக்கின்றன. பின்னி வைக்கிற கண்ட்ரோலரில் ரா முறை, தரவைத் தரவாகவும் ஓஓபியை ஓஓபியாகவும் பிரித்து அடுக்கித் தர வேண்டும்.

சிப்போடு பேசும் பகுதிக்கு வருவோம். 2018இல் வந்த 4.16 கெர்னலில் போரிஸ் பிரெசியோனும் மிக்கேல் ரேனாலும் கொண்டுவந்த ‘எக்ஸெக் ஆப்’ என்ற வழி இருக்கிறது. அதற்கு முன்பு டிரைவர்கள் கட்டளை எண்ணைப் பார்த்து ‘ஓ, இது 0, அடுத்து 30 வரும்போல’ என்று ஊகித்து வேலை செய்தன. புதுக் கட்டளையோடு புதுச் சிப் வந்ததும் முகம் குப்புற விழுந்தன. இப்போது கட்டளை, முகவரி, தரவு உள்ளே, தரவு வெளியே, தயாராகும்வரை காத்திரு என்ற ஐந்து வகைப் படிகளாக எம்டிடியே பிரித்துக் கொடுக்கிறது. டிரைவர் சொன்னதை மட்டும் செய்தால் போதும். புது டிரைவர் பழைய கொக்கிகளை (அந்தக் காலத்து ஃபங்ஷன் இணைப்புகளை) பயன்படுத்தினால் மேலும் படிக்காமலே திருப்பி அனுப்பலாம். பயன்படுத்தவில்லை என்றாலும் உள்ளே பழைய புத்தி ஒளிந்திருக்கும்: கட்டளை எண்ணை வைத்து ஸ்விட்ச் போட்டிருப்பார்கள். ‘சோதனைக்கு மட்டும்’ என்ற கொடியோடு (ஃப்ளாக்) அழைத்தால் ஒரு ரெஜிஸ்டரைக்கூடத் தொடாமல் முடியும் முடியாது என்று மட்டும் சொல்ல வேண்டும். கடிகாரத்தை ஆன் பண்ணிவிட்டு அப்புறம் கொடியைப் பார்க்கும் நிரலை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முகவரிச் சுற்றுகளை எண்ணால் அடித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2 கேபி பேஜ் கொண்ட 1 கிகாபிட் சிப்பில் 65,536 பேஜ், 16 பிட், வரிசை முகவரிக்கு 2 சுற்று போதும். 2 கிகாபிட் ஆனதும் 131,072 பேஜ், 17 பிட், 3 சுற்று வேண்டும். எழுதியவர் மேஜையில் இருப்பது 1 கிகாபிட் போர்டு மட்டும் என்றால் இந்தத் தப்பு அவர் கண்ணில் படவே படாது.

இனிமேல் வருவது உங்களுக்குப் பழகிய பூமி, ஆனால் விளைவு வேறு. இன்டரப்டுக்காகக் காத்திருக்கும் இடத்தில் ‘வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் டைம்அவுட்’ நேரம் கடந்தால் பூஜ்யம் தரும், எதிர்மறை எண் ஒருபோதும் தராது. ‘பூஜ்யத்தைவிடக் குறைவா’ என்று சோதித்திருந்தால் டைம்அவுட் என்ற சம்பவமே அந்த டிரைவருக்குத் தெரியாது. பஃபரில் கிடந்த பழைய குப்பையைப் படித்த தரவு என்று கொடுக்கும். இன்டரப்டிபிள் வகையைப் பயன்படுத்தியிருந்தால் யாரோ கன்ட்ரோல்-சி அடித்ததற்காகப் பாதி எழுதிய பேஜை விட்டுவிட்டு வெளியே வரும். வேலையைத் தொடங்கும் முன் கம்ப்ளீஷனை மறுபடி சுழியமாக்கவில்லை என்றால், போன தடவை தாமதமாக வந்த இன்டரப்ட் இந்தத் தடவை ‘முடிந்தது’ என்று பொய் சொல்லும். காத்திருக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேஜ் படிக்க 25 மைக்ரோசெகண்ட், பிளாக் அழிக்கச் சில மில்லிசெகண்ட் என்று டேட்டாஷீட் சொல்லலாம். ஆனால் டைம்அவுட்டை ஒரு செகண்டாக வைத்தாலும் நஷ்டமில்லை, அது தோல்வியில் மட்டும்தான் தெரியும். ஒரு ஜிஃபி (கெர்னல் கடிகாரத்தின் ஒரு டிக்), இரண்டு ஜிஃபி என்று இறுக்கிப் பிடித்தால் சுமை ஏறிய போர்டில் நல்ல சிப்பும் கெட்டதாகத் தெரியும்.

டைம்அவுட் ஆன பிறகு என்ன நடக்கிறது என்பதை மட்டும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். டிஎம்ஏ, அதாவது சிபியு இல்லாமலே தரவை நேரடியாக நினைவகத்துக்கு மாற்றும் வேலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தாமல் பஃபரின் மேப்பிங்கை எடுத்துவிட்டுப் பிழையைத் திருப்பினால், விடுவிக்கப்பட்ட நினைவகம் வேறு யாருக்கோ போகும். கண்ட்ரோலர் தாமதமாக விழித்து 2,048 பைட்டை அங்கே கொட்டும். அந்தக் கோளாறு ஃப்ளாஷ் பக்கம் தெரியாது. எங்கோ ஒரு நெட்வொர்க் கட்டமைப்பில் தெரியும், உங்களைப் போன்ற ஒருவர் மூன்று வாரம் அங்கே தேடுவார். மேலிருந்து வரும் பஃபர் டிஎம்ஏவுக்கு ஏற்றதா என்பதும் கேள்வி: எம்டிடிக்கு மேலே இருப்பவர்கள் விமல்லாக்கில் (நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் பக்கங்களைச் சேர்த்துத் தரும் வழி) எடுத்த பஃபரைக் கொடுக்கலாம், அதை நேரடியாக மேப் பண்ண முடியாது. டிரைவர் ‘நாண்ட் யூசஸ் டிஎம்ஏ’ கொடியை வைத்தால், நேராக மேப் பண்ண முடியாத பஃபருக்கு எம்டிடியே நடுவில் ஒரு பஃபர் வைக்கும். டிஎம்ஏ ஏபிஐ டீபக் தேர்வை இயக்கி ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள், பாதித் தப்புகள் தானே வெளியே வரும்.

எழுதி முடித்ததும் சிப்பின் ஸ்டேட்டஸைப் படித்து, முதல் பிட் தோல்வி என்று சொல்கிறதா எனப் பார்க்க வேண்டும். டிரைவர் தனக்கென்று சொந்தமாகப் பேஜ் எழுதும் ஃபங்ஷன் வைத்திருந்தால் இது விடுபடும் வாய்ப்பு அதிகம். விடுபட்டால் யூபிஐக்கு பிளாக் செத்தது தெரியாது.

நேர அளவுகளைக் கணக்கிடும் இடத்தில் வகுத்தல் குறியைத் தேடுங்கள். சிப்புக்குக் குறைந்தது 10 நானோசெகண்ட் அகலமுள்ள துடிப்பு வேண்டும், கண்ட்ரோலர் கடிகாரத்தின் ஒரு சுழற்சி 7.5 நானோசெகண்ட் என்றால், சாதாரண வகுத்தல் 1 சுழற்சி என்று சொல்லும், அது 7.5தான். மேல்நோக்கி முழுதாக்கினால் 2, அதாவது 15. நாண்ட் சிப்களுக்கான தரநிலையான ஓஎன்எஃப்ஐயின் மெதுவான 0வது முறையில் இந்தத் தப்பு மறைந்திருக்கும். வேகமான 5வது முறைக்குப் போனதும், அதுவும் பெட்டி சூடான பிறகு, பல்லைக் காட்டும்.

ப்ரோப், ரிமூவ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மற்ற டிரைவர்களைப் போலத்தான். எம்டிடியைப் பதிவு செய்வது தோற்றால் ‘நாண்ட் கிளீனப்’ அழைக்கப்படுகிறதா, ரிமூவில் முதலில் பதிவை நீக்கிவிட்டு அப்புறம் சுத்தம் செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். டிவைஸ் ட்ரீ பைண்டிங் தனி பாட்சாக இருக்கட்டும். அதில் வன்பொருள் எப்படி இருக்கிறது என்பது இருக்க வேண்டும், டிரைவருக்கு வசதியான கொடிகள் அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் நிரலைப் படித்தே உறுதியாகச் சொல்லக்கூடியவை. நிரலில் தெரியாதவையும் இருக்கின்றன, அவற்றைப் பற்றி உறுதியாக எதுவும் எழுதிவிடாதீர்கள். ரெஜிஸ்டரின் 7வது பிட்டை எழுதினால் உண்மையில் ஃபிஃபோ (தரவு காத்திருக்கும் வரிசை) காலியாகிறதா, இசிசி எஞ்சின் சொல்லும் எண்ணிக்கையில் இசிசி பைட்டுகளிலேயே புரண்டவையும் அடங்குமா, இவை எஸ்ஓசியின் கையேட்டில் இருந்தால் உண்டு. கையேடு உங்கள் கையில் இல்லை என்றால் அவை கேள்விகளாகவே இருக்கட்டும். விளக்கமில்லாத ‘யூடிலே 10’ (10 மைக்ரோசெகண்ட் காத்திருப்பு) ஒன்றைப் பார்த்தால் தப்பு என்று எழுதாதீர்கள், ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். சில நேரம் அது சிலிக்கான் பிழைக்கான மாற்று வழியாக இருக்கும். பதில் வந்ததும் அதை அந்த வரிக்கு மேலே காமெண்டாகப் போடச் சொன்னால் போதும்.

சோதனை முடிவுகளை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எம்டிடி-யூட்டில்ஸில் ‘நாண்ட்பிட்எர்ஸ்’ என்று ஒரு கருவி இருக்கிறது, அதன் இன்க்ரிமெண்டல் முறை ஒரு பேஜில் வேண்டுமென்றே பிட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்துப் பார்க்கும். 4 பிட் இசிசி என்றால் 1, 2, 3, 4 என்று திருத்திய எண்ணிக்கை ஏறி, 5இல் தோற்க வேண்டும். எல்லாவற்றிலும் பூஜ்யம் என்று வந்தால் என் கதை. 2இலேயே தோற்றால் இசிசி வலிமை தப்பாக அமைந்திருக்கிறது. 9 வரை போயும் தோற்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், ரா எழுதுதல் உண்மையில் ராவாக இல்லை, நடுவில் இசிசி புகுந்து புதிதாகக் கணக்குப் போடுகிறது. அது பிளாக்கை அழித்துத்தான் வேலை செய்யும், ஆகவே காலிப் பார்ட்டிஷனில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். நாண்ட்சிம் என்ற நினைவகச் சிமுலேட்டரில் யூபிஐயை ஓட்டிப் பழகலாம், உங்களுக்கு நல்லது; ஆனால் அது இந்த டிரைவரின் ஒரு வரியைக்கூடச் சோதிக்காது. இவை எல்லாமே தேறினாலும், மேஜைமேல் இருக்கும் புதுச் சிப் இரண்டு வருடம் கழித்து எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இவற்றில் சாட்சியில்லை.

பதில் மெயில் எழுதும்போது ‘ரிவ்யூட்-பை’ என்ற வரியின் பொருளைக் கெர்னல் ஆவணத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். தொழில்நுட்பரீதியாகப் பார்த்தேன், சேர்க்கத் தகுதியானது என்று நினைக்கிறேன் என்பதுதான் அது. குறித்தபடி வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. டிஎம்ஏ பகுதியை மட்டும் பார்த்தீர்கள் என்றால் டிஎம்ஏ பகுதியை மட்டும் பார்த்தேன் என்று எழுதுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. 1,800 வரியையும் ஒரே பாட்சாக அனுப்பியிருந்தால் பிரிக்கச் சொல்லலாம், ஆனால் பேஜ் வரைபடமும் ரிட்டர்ன் மதிப்பும் பற்றிய கேள்விகளை முதல் மெயிலிலேயே போடுங்கள். அவை பதிலாகும்வரை இன்டென்ட், பெயர் மாற்றம் என்று ஐம்பது குறிப்புகள் எழுதினால் எழுதியவர் அந்த ஐம்பதையும் திருத்திவிட்டு இரண்டையும் மறந்துவிடுவார். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

உங்கள் இடத்தில் அனுமதி இருந்தால் அந்தப் பேஜ் படிக்கும் ஃபங்ஷனையும் நாண்ட்பிட்எர்ஸ் வெளியீட்டையும் இங்கே ஒட்டுங்கள். ஃபங்ஷன் அறுபது வரிக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தால் அதையும் சேர்த்துப் பேசுவோம்.